கியூ குச்சிக்குத் தோல் ஒட்டிய கதை

சூலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரத்தினசாமியின் லேத் பட்டறை வரும். மோட்டார் ஷாஃப்ட் கடைவதில் அங்கே வேலை வெகு சுத்தம். அந்தச் சுத்தமெல்லாம் ரத்தினசாமி பக்கத்தில் நிற்கிற வரைக்கும்தான். அவர் வெளியே போனால் உள்ளே மூன்று பேர் மிஞ்சுவார்கள்: மாரப்பன், குழந்தைவேல், நாச்சிமுத்து. மூவரும் சோம்பேறிகள் இல்லை, கை நீளம் இல்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். தொல்லையே அதுதான்.

ஒருமுறை, "நான் வர்ற வரைக்கும் மெஷினை விட்டு நகராதீங்க" என்று சொல்லிவிட்டு ரத்தினசாமி டீ குடிக்கப் போனார். போன இடத்தில் பல்வலி கண்டு, பல்லைப் பிடுங்கி, வீங்கின கன்னத்தோடு வீட்டில் படுத்துவிட்டு மறுநாள் காலையில்தான் வந்தார். மூவரும் மெஷினில் ஒரு கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். குழந்தைவேல் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தான். ரத்தினசாமி அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. வாயைத் திறக்க முடியவில்லை.

இந்தக் கதை நாச்சிமுத்துவுடையது. வயது முப்பத்தைந்து. பார்த்த ஏழு வரனும் தட்டிப்போயிருந்தன. பெண் வீட்டில் "காபி எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டால் எப்படி இருந்ததோ அதை அப்படியே சொல்லிவிடுவான். எட்டாவதாக வந்தது மேகலாவின் ஜாதகம். அவளை அவன் சூலூர் பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். கொய்யாப்பழக்காரியிடம் நின்று, எது நல்லதென்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் நாச்சிமுத்து கொய்யாப்பழம் தின்னாத நாளில்லை. இந்த இடமாவது அமையவேண்டும் என்று மாகாளியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருந்தான்.

மேகலாவின் அண்ணன் தெய்வசிகாமணி ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்கு வந்தான். கையில் ஒரு நீளப் பை.

"ஜாதகம் பொருந்திருச்சுங்க. எங்கப்பாரு சாகறப்ப, கையில தொழில் இருக்கற பையனாப் பாத்துக் குடுன்னு சொல்லிட்டுப் போனாரு. அதான் கையைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

நாச்சிமுத்து இரண்டு கையையும் நீட்டினான். தெய்வசிகாமணி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், விரல்களை எண்ணினான், உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கிரீஸுதான் தெரியுது. தொழில் தெரியலிங்க" என்று சொல்லிவிட்டுப் பையைப் பிரித்தான்.

உள்ளே இருந்தது ஒரு கியூ குச்சி. பச்சைத் துணி விரித்த மேசைமேல் பந்தை முட்டித் தள்ளுவார்களே, அந்தக் குச்சி. ஆள் மார்பு உயரம் இருந்தது. நுனியில் ஒரு பித்தளைப் பூண், பூணின் தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தோல் வில்லை. பந்தில் படுவது அந்தத் தோல்தான். அது தேய்ந்து தகடாகிக் கிடந்தது.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு எங்க கிளப்புல பைனல் மேட்சுங்க. இந்தப் பழைய தோலை எடுத்துட்டுப் புதுசு போட்டு, லேத்துல கடைஞ்சு வைங்க. மூணு மணிக்கு வர்றேன். வேலை எனக்குப் புடிச்சிருந்தா இன்னிக்கே வெத்தலை பாக்கு மாத்திக்கலாம். புடிக்கலைன்னா தங்கச்சிக்கு வேற எடம் பாக்கறோமுங்க."

புதுத் தோல் வில்லை மூன்று உள்ள ஒரு சின்ன டப்பாவையும் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான்.

நாச்சிமுத்து குச்சியை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தான். ஷாஃப்ட் தெரியும், புஷ் தெரியும், கியூ குச்சியை அவர்கள் மூவரும் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறார்கள். ரத்தினசாமியோ காங்கேயத்தில் மச்சினிச்சி மகள் கல்யாணத்தில் இருந்தார். மாரப்பன் அவருக்குப் போன் போட்டான். மூவரில் மாரப்பன்தான் படித்தவன். ஒரே பரீட்சையை மூன்று தடவை எழுதியிருக்கிறான்.

போனில் நாதஸ்வரம் கேட்டது. அதற்குள்ளிருந்து ரத்தினசாமி கத்தினார். "இங்க ஒண்ணும் கேக்கலைடா. நான் பேசிப் பதிஞ்சு அனுப்பறேன். அதுல இருக்கறதைச் சொன்னபடி செய்யுங்க. ஒரு வார்த்தை விடக்கூடாது. உங்க மூளையைக் குறுக்கே கொண்டு வராதீங்க. திருப்பிப் போன் பண்ணீங்கன்னா கொன்னுபோடுவேன்."

கால் மணி நேரத்தில் பேச்சு வந்து சேர்ந்தது. மொத்தம் நாலு நிமிஷம். பாவம், ரத்தினசாமி ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் கல்யாணத்தையும் பிடித்துக்கொண்டு பேசியிருந்தார். கேட்கிற யாருக்கும் எது பட்டறைக்கு, எது மண்டபத்துக்கு என்று புரிந்துவிடும். யாருக்கும் என்றால், அந்த மூவரைத் தவிர.

மாரப்பன் போனை டூல் பெட்டிமேல் சாய்த்து வைத்துப் பித்தானை அமுக்கினான்.

"மாரப்பா, நல்லாக் கேட்டுக்க. குச்சியை சக்குல மாட்டு. வெறுமனே மாட்டினா மரத்துல தழும்பு விழும், ஒரு துணி சுத்தி மாட்டு. ஏப்பா, மாப்பிள்ளைக்கு இன்னும் முகூர்த்த வேட்டி கட்டலியா? கட்டி விடுங்க. நெத்தியில சந்தனம் வைங்க. மாட்டினதும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாரு."

மாரப்பன் நிறுத்தினான்.

"மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டான் குழந்தைவேல்.

"நாந்தான்" என்றான் நாச்சிமுத்து. முதலாளி அத்தனை வேலைக்கு நடுவிலும் தன்னை நினைத்துக்கொண்டாரே என்று போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கென்று வாங்கின எட்டு முழப் பட்டு வேட்டியை எந்த நேரம் தேவைப்படுமோ என்று அவன் பையிலேயே வைத்திருந்தான். எடுத்துக் கட்டிக்கொண்டான். சந்தனத்துக்கு மெஷின் மேலிருந்த சாமி படத்திலிருந்து கொஞ்சம் சுரண்டினார்கள். குச்சிக்குச் சுற்றத்தான் துணி இல்லை. பட்டறையில் கிடந்ததெல்லாம் எண்ணெய்த் துணி.

"மொதலாளி ஒரு துணியைத்தான் சொல்லியிருக்காரு. அதுவும் வேட்டின்னு சொல்லியிருக்காரு" என்றான் மாரப்பன்.

"அதை நான் கட்டியிருக்கனே."

"எட்டு மொழம் இருக்குதல்ல? உனக்கு நாலு, குச்சிக்கு நாலு."

இது நியாயமாகப் பட்டது. நாலு முழத்தை நாச்சிமுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டான். மிச்ச நாலு முழத்தைக் குச்சிக்குச் சுற்றி, லேத்தின் சுழலும் வாயான சக்கில் மாட்டி இறுக்கினார்கள். குச்சியின் வால் மெஷினுக்குப் பின்பக்கம் ஒரு முழத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு முதலாளி சொன்னபடி ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்தார்கள்.

பட்டறையே ஒரு சுற்றுச் சுற்றுவதுபோல நாச்சிமுத்துவுக்கு இருந்தது. உண்மையில் சுற்றியது அவன்தான். மூன்று சுற்றுச் சுற்றி நின்றபோது கோடு போட்ட நிக்கரோடு நின்றான். எட்டு முழமும் குச்சியில் பந்தாகச் சுருண்டிருந்தது.

"இப்பத்தான் கெட்டியாப் புடிச்சிருக்குது" என்று மாரப்பன் குச்சியை ஆட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டான். "மொதலாளி வேட்டி கட்டச் சொன்னாரு, கட்டியாச்சு. கட்டினது நிக்கணும்னு சொல்லலை."

அடுத்த பேச்சு ஓடியது. "பின்னாடி வால் ஆடும். ஒருத்தன் புடிச்சுக்கோணும். புடிச்ச புடியை விடக்கூடாது. அப்பறம் பழைய தோலைச் சீவு. பித்தளைப் பூண் தெரியற வரைக்கும் சீவு. சீவினதுக்கு மேல பசை தடவு."

குழந்தைவேல் பின்னால் போய் இரண்டு கையாலும் வாலைப் பிடித்துக்கொண்டான். நாச்சிமுத்து கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணா, பூண் இப்பவே தெரியுதே."

மாரப்பன் வந்து பார்த்தான். தோலுக்குக் கீழே பித்தளை பளிச்சென்று தெரிந்தது.

"அப்ப சீவி முடிச்சாச்சு. நல்லவேளை, கத்தியை வெக்கறதுக்கு முன்னாடி பாத்தே. இல்லீன்னா முடிஞ்ச வேலையை மறுபடி செஞ்சிருப்போம்" என்றான்.

பழைய தோல் பிழைத்தது. அதன் தலைமேல் பசையைத் தடவிவிட்டு மேலே கேட்டார்கள்.

"புதுத் தோலை நடு மையமா வெய்யி. என்னது? எலைக்கு ஒண்ணா? ஒண்ணு வெச்சா ஒறம்பரைச் சனம் பேசும்டா, மூணு வெய்யி. வெச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டு அம்பது எண்ணு. சரியா எண்ணுனியா? மறுக்கா எண்ணு. பொண்ணு ஊட்டுக்காரங்களையும் சேத்து எண்ணு."

டப்பாவில் சரியாக மூன்று வில்லைதான் இருந்தன என்பது அவர்களுக்கு முதலாளியின் தீர்க்கதரிசனமாகவே பட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றையும் ஒட்டினார்கள். பழையதோடு சேர்த்து நாலு மாடி. நாச்சிமுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐம்பது எண்ணினான். மறுபடியும் ஐம்பது எண்ணினான். பிறகு பெண் வீட்டுக்காரர்களைச் சேர்க்கவேண்டி வந்தது.

"அவிங்க எத்தனை பேரு?"

"அண்ணன் ஒருத்தர், அம்மா ஒருத்தங்க." நாச்சிமுத்து கொஞ்சம் வெட்கப்பட்டான். "அவங்க ஒருத்தங்க."

ஐம்பத்து மூன்று வரை எண்ணினான். மூன்று என்கிறபோது குரல் குழைந்தது. பசை கல்லாகக் காய்ந்தது.

"இப்ப மெஷினை ஓட்டு. உப்புத்தாளை வெச்சு ஓரத்தைப் பூணுக்குச் சமமாக் கொண்டா. தலை மழுங்கலா வரோணும். ஒரு ரூவாக் காசை வெச்சுப் பாரு, அந்த வளைவு வரோணும்."

மெஷினை ஓட்டினார்கள். சக் சுற்றியது. சக்கோடு பட்டு வேட்டியும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. குச்சி மட்டும் அசையவில்லை. பின்னால் குழந்தைவேல் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தான்.

"குழந்தே, கையைக் கொஞ்சம் லூசா விட்றா."

"புடிச்ச புடியை விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காருங்கண்ணா."

"அது வாஸ்தவம்" என்று மாரப்பன் ஒப்புக்கொண்டான்.

நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றரை. மேகலா கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. "குச்சி சுத்தலீன்னா எப்படிங்கண்ணா கடையறது?"

மாரப்பன் தாடையைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் யோசித்தான். "கோயிலுக்குப் போறே. சாமியா சுத்துது?"

"இல்லீங்க, நாமதான் சுத்தறோம்."

"பலன் கெடைக்குதா இல்லியா?"

"கெடைக்குதுங்க."

"அவ்வளவுதான். குச்சி நிக்கட்டும், நீ சுத்து."

நாச்சிமுத்து உப்புத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கோடு போட்ட நிக்கரும் நெற்றிச் சந்தனமுமாக மெஷினைச் சுற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் நுனியில் ஒரு தேய். அப்புறம் மெஷினுக்குப் பின்னால் போய், குழந்தைவேலைத் தாண்டி, திரும்ப முன்னால் வந்து இன்னொரு தேய். நூற்றெட்டுச் சுற்று என்று மாரப்பன் தீர்மானித்தான். நூற்றெட்டு போதவில்லை. நாலு நூற்றெட்டு ஆயிற்று.

இங்கேதான் ஒரு அதிசயம் நடந்தது. ஓடுகிற சக் குழந்தைவேலின் பிடியையும் மீறிக் குச்சியை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நூல் அளவு திருப்பிக்கொண்டே இருந்தது. அதனால் தோல் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்தது. அவர்கள் யாருக்கும் இது தெரியாது. கதை சொல்கிற எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

காசை வைத்துப் பார்த்தார்கள்.

"வளைவு சரியா இருக்குது. ஆனா காசுல சிங்கம் இருக்குதுங்கண்ணா, இதுல சிங்கம் வரலியே" என்றான் நாச்சிமுத்து கவலையாக.

"வளைவு வரோணும்னுதான் சொன்னாரு. சிங்கம் வரோணும்னு சொல்லலை. மொதலாளி சொல்லாததை நாமளா செய்யப்படாது."

"கடைசியா ஓரத்துல எச்சி தொட்டு, பழைய பெல்ட்டுத் துண்டால அழுத்தித் தேய்ச்சாப் பளபளன்னு வரும்" என்றது போன்.

பட்டறையில் இருந்த ஒரே பழைய பெல்ட் குழந்தைவேலின் இடுப்பில் இருந்தது. அவன் கையை எடுக்க முடியாதவன் ஆகையால் மாரப்பனே அதை உருவிக்கொண்டான். பெல்ட் வந்ததும் கால்சட்டை கீழே போயிற்று. குழந்தைவேல் அசையவில்லை. பிடித்த பிடி பிடித்தபடி நின்றான். மூன்று பேரில் முழு உடுப்போடு இருந்தது மாரப்பன் ஒருவன்தான். மேற்பார்வை பார்க்கிறவனுக்கு அந்த மரியாதை வேண்டியதுதான்.

தேய்க்கத் தேய்க்கத் தோலின் ஓரம் கண்ணாடிபோல் ஆயிற்று. நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை அழகான ஒன்றைத் தன் கை செய்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அப்படியென்றால் இந்தத் தடவை நிச்சயம் கல்யாணம்தான். மணி இரண்டே முக்கால். போனில் இன்னும் பத்து நொடிப் பேச்சு பாக்கி.

"அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார் ரத்தினசாமி. "ஏ, கெட்டிமேளம், கெட்டிமேளம்! மாப்பிள்ளே, பராக்குப் பாத்துட்டு நிக்காதே. தாலியைக் கட்டு."

அதோடு நாதஸ்வரம் ஓங்கி, பேச்சு நின்றுபோயிற்று.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாலி கட்டச் சொல்றாரு" என்றான் குழந்தைவேல்.

"யாருக்குங்கண்ணா? அவங்க இங்க இல்லியே" என்றான் நாச்சிமுத்து.

"அந்தப் பொண்ணுக்கு வெத்தலை பாக்கே இன்னும் மாத்தலை. பாக்கு மாத்தாத பொண்ணுக்குத் தாலி கட்டச் சொல்ற ஆளா மொதலாளி?" மாரப்பன் மெல்லப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தான். "பொண்ணு ஊட்டுல இருந்து வந்தது இங்க என்ன இருக்குது?"

மூன்று பேர் பார்வையும் குச்சியில் போய் நின்றது.

நாச்சிமுத்து ஒரு அடி பின்வாங்கினான். கொய்யாப்பழத்தை முகர்ந்துகொண்டிருந்த அந்த முகம் கண்ணுக்குள் வந்தது. "அண்ணா, இந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்றலாமுங்களா?" என்று கெஞ்சினான். வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டு வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு வார்த்தை விடக்கூடாதுன்னாரு" என்று மாரப்பன் தழுதழுத்தான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் வழியும் இல்லை.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்குக் கட்டின மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. அதை அவிழ்த்து, குச்சியைச் சக்கிலிருந்து இறக்கி, பட்டு வேட்டியை மடித்துப் போட்டு அதன்மேல் நிறுத்தினார்கள். மாரப்பன் போனில் அந்தக் கடைசி மேளத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். பூணுக்குக் கொஞ்சம் கீழே நாச்சிமுத்து மூன்று முடிச்சுப் போட்டான். அட்சதைக்குப் பதிலாகத் தோல் தூளை அள்ளிப் போட்டார்கள். குழந்தைவேலால் போட முடியவில்லை. வாலைப் பிடித்தபடியே ஆசீர்வாதம் செய்தான்.

மூன்று மணிக்குத் தெய்வசிகாமணி வந்தான். நிக்கரையும் சந்தனத்தையும் கீழே கிடந்த கால்சட்டையையும் அவன் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நேரே குச்சியின் நுனியைப் பார்த்தான். விரலால் தடவினான். கன்னத்தில் வைத்துப் பார்த்தான். வாலோடு குழந்தைவேலும் கூடவே நகர, மேசையில் கிடந்த ஒரு பேரிங் குண்டைப் பார்த்து மெதுவாக ஒரு முட்டு முட்டினான். குண்டு நூல் பிடித்த மாதிரி உருண்டு போய் மேசைக் கோடிக்குக் கீழே இருந்த எண்ணெய் டப்பாவுக்குள் விழுந்தது.

"என்னங்க இது, நாலு அடுக்குத் தோலா!" அவன் கண் கலங்கிவிட்டது. "பதினஞ்சு வருசமா ஆடறேன், இப்படியொரு நுனியைத் தொட்டதில்லீங்க. எங்கப்பாரு சொன்ன கை இதுதான்."

நாச்சிமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போதுதான் தெய்வசிகாமணி மஞ்சள் கயிற்றைப் பார்த்தான்.

"இது என்னங்க?"

மாரப்பன் ஒன்றையும் மறைக்காமல், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை எடுத்துச் சொன்னான். தெய்வசிகாமணி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. ரொம்ப நேரம் யோசித்தான்.

"அப்ப மாப்பிள்ளைக்குக் கண்ணாலம் ஆயிருச்சு."

"ஆயிருச்சுங்க" என்றான் மாரப்பன்.

"மூணு முடிச்சுமா?"

"மூணுங்க. நானே எண்ணுனேன்."

தெய்வசிகாமணி பெருமூச்சு விட்டான். "என்ற தங்கச்சியை ரெண்டாந்தாரமாக் குடுக்க முடியாதுங்க. எங்க குடும்பத்துல அந்த வழக்கமில்லை."

"ஞாயந்தானுங்க" என்றான் மாரப்பன்.

நாச்சிமுத்துவுக்குக் கண்ணீர் கரகரவென்று இறங்கியது. "அவுத்துட்டா?" என்று பின்னாலிருந்து குழந்தைவேல் கேட்டான். மற்ற மூவரும் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். கட்டினதை அவிழ்க்கிறதாமே.

மணி மூன்றே முக்கால். தெய்வசிகாமணி தயங்கித் தயங்கி எழுந்தான். "அஞ்சு மணிக்கு மேட்சுங்க. இதை நான் கூட்டிட்டுப் போலாமுங்களா?"

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். எட்டு இடத்தில் முறிந்தவன்தான். ஆனாலும் இப்போது குடும்பஸ்தன், பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. "பொறந்த ஊட்ல இருந்து வந்து கூப்பிட்டா அனுப்பாம இருக்க முடியுங்களா? இருட்டறதுக்குள்ள கொண்டாந்து விட்ருங்க."

"அதெப்படிங்க மாப்பிள்ளே" என்றான் தெய்வசிகாமணி. "கண்ணாலமாகி மொதல்ல போறது மறுவீடுங்க. மூணு நாளாச்சும் தங்கோணும். நீங்களும் ஜோடியா வரோணும். ஊட்டுல சொல்லிப்போடறேன், இருங்க." அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டான். "மேகலா, மாப்பிள்ளையும் பொண்ணும் வர்றாங்க. ஆரத்தி கரைச்சு வெய்யி." பிறகு நடந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னான்.

மறுமுனையில் மேகலாவின் குரல் கேட்டது. அதைக் கேட்டதும் நாச்சிமுத்துவுக்கு இந்த உலகத்தில் தனக்கு ஏற்ற ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது சந்தேகமறத் தெரிந்துபோயிற்று.

"அதெல்லாம் கரைச்சு வெக்கறேனுங்கண்ணா. வர்றப்ப மட்டும் பொண்ணை வலது காலை எடுத்து வெச்சு உள்ள வரச் சொல்லுங்க."

நாலு பேரும் குச்சியின் அடியைப் பார்த்தார்கள். இருந்தது ஒரே ஒரு கால். அது வலது காலா, இடது காலா?

குச்சியைப் படுக்கப் போட்டுப் பார்த்தார்கள். நிமிர்த்திப் பார்த்தார்கள். முகம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் கால் எதுவென்று சொல்லிவிடலாம் என்றான் மாரப்பன், ஆக முதலில் முகத்தைத் தேட ஆரம்பித்தார்கள். கிளப்பில் மேட்ச் ஐந்து மணிக்குச் சரியாகத் தொடங்கி, எதிராளி தனியாகவே ஆடி ஆறு மணிக்குக் கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பட்டறையில் அப்போதுதான் மூக்கு இருக்கக்கூடிய இடத்தைப் பற்றி ஒருவிதமான உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள்.